ஒரு குறை சொல்லும் மதிவதனி

முதலில் ஜன்னல். அறை பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு மதிவதனி மட்டும் உள்ளே போவாள். விளக்கைப் போடமாட்டாள், மின்விசிறியைச் சுழல விடமாட்டாள். இருட்டில் பழக்கப்பட்ட நடையாக நேரே போய், கொக்கியைத் தட்டி, இரண்டு கதவுகளையும் வெளியே தள்ளிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்வாள். அப்புறம்தான் குரல் வரும். "வாங்க சார், வாங்க மேடம். மலை தெரியுது பாருங்க." உள்ளே வருகிறவர்கள் கண்ணுக்கு அறை படாது. சுவரின் ஓதமோ, தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக் கதவோ தெரியாது. மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது குறை. அவர்கள் மனம் குளிர்ந்து நிற்கிற நேரமாகப் பார்த்து, கேட்காமலே ஒரு குறையை அவளே எடுத்துச் சொல்வாள். "தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி தான் வரும்." "கொரங்கு ஜாஸ்தி மேடம். ஜன்னலத் தொறந்து போட்டுட்டு வெளிய போனீங்கன்னா அரிசி டப்பா இருக்காது." "பௌர்ணமி அன்னிக்கு இங்க தூங்கவே முடியாது, ரோடு பூரா கிரிவல ஜனம்." ஒரே ஒரு குறைதான், ஆனால் உண்மையான குறை. செங்கம் ரோட்டில் வீடு காட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. வாயைத் திறந்தால் தேன் ஒழுகும் ஆண்பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா?" என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டு வருவது இந்த ஒரு குறைக்காகத்தான். "ஒண்ணு சொல்லிட்டா மிச்சத்த நம்பிடுவாங்க சார்" என்பாள். தந்திரம் என்று நான் சீண்டினால் கோபம் வந்துவிடும். "நான் என்னா பொய்யா சொல்றேன்?"

வயது இருபத்திரண்டு. உள்ளூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம், போன ஏப்ரலில் முடித்தாள். தோளில் ஒரு துணிப்பை. பையின் ஒரு பக்கத்தில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை; இன்னொரு பக்கத்தில் பதினாறு வீட்டுச் சாவிகள். எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று சீட்டு எழுதி ஒட்டும் வழக்கம் இல்லை. நகப்பாலிஷில் பொட்டு வைத்திருப்பாள். சிவப்புப் பொட்டு என்றால் கீழ்த்தளம், பச்சை என்றால் மாடி, பொட்டே இல்லை என்றால் வீட்டுக்காரர் சிடுமூஞ்சி. வருகிறவர்களையும் அப்படித்தான் தரம் பிரித்து வைத்திருக்கிறாள். மூணு நாள் ஆளு, மூணு மாச ஆளு, "இங்கயே செட்டில் ஆயிடறேன்" ஆளு. கடைசி வகைதான் சீக்கிரம் காலி பண்ணும் என்பது அவள் கணிப்பு. மலை நன்றாகத் தெரிகிறது என்பதைத் தெலுங்கில் "கொண்ட பாகா கனிபிஸ்துந்தி" என்று அவள் சொல்கிற அழகுக்கே ஹைதராபாத்காரர்கள் அட்வான்ஸை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

நானும் அந்த "செட்டில்" வகைதான். ஆனால் போகவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டேன். சென்னையில் இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, மனைவியும் போன பிறகு, நாலு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தேன். அன்பரசன் வீட்டு மாடி காலி என்றார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை; கீழ்ப்போர்ஷனில் குடியிருக்கும் பெண் சாவியோடு ஏறி வந்தாள். பிளஸ் டூ முடித்திருந்த சமயம். அவள் முதன்முதலாகத் திறந்து காட்டிய ஜன்னல் அது. நான் மலையைப் பார்த்தேன். வாடகை எவ்வளவு என்றேன். சொன்னாள். சென்னையில் அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்துப் பழகியவன், பேரம் பேசாமல் சரி என்றேன். இன்றுவரை அந்த ஒரு 'சரி'க்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மதிக்கு அப்பா இல்லை. முருகையன் ஆட்டோ ஓட்டினார், மூன்று வருடம் ஆகிறது அவர் போய். அம்மா கஸ்தூரி ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடைச் சமையலறையில் வேலை செய்கிறாள். காலை ஐந்து மணிக்கு அடுப்பு முன் நிற்க வேண்டும். நடந்து போகிற தூரம் என்பதால் நிற்கிறாள். தாயும் மகளும் கீழ்ப்போர்ஷனில் பத்து வருடமாக இருக்கிறார்கள். ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். மழை வந்தால் சமையலறையில் மூன்று இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். சாக்கடை எதிர்த்துக்கொண்டு வரும். "இந்த வீட்டுக்குக் கொறை சொல்ல ஆரம்பிச்சன்னா விடிஞ்சிடும் சார்" என்பாள் மதி. கூடத்திலும் மலைப்பக்கம் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. ஆனால் பீரோ வைக்க வேறு சுவர் இல்லை. குடிவந்த அன்றைக்கே முருகையன் பீரோவை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

ஜூலையில் மதிக்குச் சென்னையிலிருந்து வேலை வந்தது. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி. ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். கல்லூரியில் அவள் வகுப்பில் நாலு பேருக்குத்தான் கிடைத்தது. தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு மாதம் பயிற்சி, பாதிச் சம்பளம். அதை அப்படியே ஹாஸ்டல் விழுங்கிவிடும். சாப்பாடும் பஸ்ஸும் யார் தலையில்? இங்கே வீட்டு வாடகையில் பாதி இவள் வீடு காட்டிச் சம்பாதிப்பது. போனால் அதுவும் நிற்கும்.

அப்படியும் ஒரு நாள் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிப் போனாள். திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தபடியே சொன்னாள்: "ரூமுக்குள்ள போன உடனே பழக்கதோஷத்துல ஜன்னலத் தேடுனேன் சார். நாலு சுவத்துலயும் தேடுனேன். காலண்டர் மாட்டி இருந்துச்சு. அதத் தூக்கிக்கூடப் பாத்தேன்." சிரித்தாள். "நாலு கட்டிலு. ஒரு பொண்ணு மூணு வருசமா இருக்குதாம். 'பழகிடும்க்கா'னு சொல்லுது. என்னைய விடப் பெரிய பொண்ணு, என்னைய அக்கான்னுது."

யாரைக் கேட்டாலும் போகாதே என்றார்கள். இதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டதெல்லாம் யாரை? அவள் வீடு காட்டுகிறவர்களை. அதாவது சென்னையை விட்டு ஓடி வந்தவர்களை. "இங்க பிறந்ததே பாக்கியம், இதை விட்டுட்டு அந்த நரகத்துக்கா?" என்றார் ஒருவர், இரண்டு வீட்டு வாடகையை அங்கிருந்து மாதாமாதம் வாங்கிக்கொண்டு இங்கே காற்று வாங்குகிறவர். ஒரு வெள்ளைக்காரம்மா ஆசையை விடு என்று கையைப் பிடித்துச் சொன்னாராம். "வேலைக்கு ஆசப்படறத உட்டுட்டா சோத்துக்கு என்னா பண்றதுனு கேக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோ இங்கிலீஷ் வரல சார். ஊர விட்டு ஓடி வர்றவங்கல்லாம் என்னைய ஓடாதன்றாங்க."

கஸ்தூரியிடம் கேட்டால் ஒரே பதில்தான். "போனாலும் அழுவேன், போவலன்னாலும் அழுவேன். என்னையப் பாத்து முடிவு பண்ணாத பாப்பா." இதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? இரண்டு இரவு கஸ்தூரி சாப்பிடவில்லை; மதி கெஞ்சுவது மாடிவரை கேட்டது.

கடைசியாக என்னிடம் வந்தாள். ஒரு சாயங்காலம், படிக்கட்டில். "சார், நீங்க சொல்லுங்க. போவட்டுமா, வேணாமா?" அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. புழுக்கம், சாக்கடை, பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கியது, வீட்டுக்காரனின் பத்து மாத அட்வான்ஸ் என்று முப்பத்திரண்டு வருட வயிற்றெரிச்சலையும் அவள் முன்னால் கொட்டினேன். "நான் தப்பிச்சு வந்த ஊரும்மா அது" என்றேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு தப்பித்தவன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த வாரமே அன்பரசனிடமும் போய், வாடகை ஏறாது இல்லையா என்று கேட்டிருக்கிறாள். "உன்கிட்டப் போயி ஏத்துவனா?" என்றாராம். வியாழக்கிழமை கம்பெனிக்கு மெயில் போட்டாள், சேர முடியவில்லை, மன்னிக்கவும் என்று.

இருபது நாள்கூட ஆகவில்லை, அன்பரசன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். பையனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, வெளிமாநிலத்தில். பணம் கட்ட வேண்டும். வாசலிலேயே நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பேசினார்.

"வாக்குக் குடுத்தேன், இல்லங்கல. கீழ்ப்போர்ஷன டெய்லி வாடகைக்கு உடலாம்னு பாக்கறேன், இல்ல நல்ல பார்ட்டியா வந்தா மாச வாடகை. நீ தானம்மா சொன்ன, மலை தெரிஞ்சா டபுள்னு?"

சொன்னது உண்மை. போன வருடம் அடுத்த தெருவில் ஒரு பழைய அறையை ஹைதராபாத் தம்பதிக்கு இரண்டு மடங்குக்கு முடித்துக் கொடுத்துவிட்டு, வந்த சந்தோஷத்தில் இதே வாசலில் நின்று அன்பரசனிடம் பெருமையடித்தாள். "மலை தெரிஞ்சா டபுள் சார்!" அதற்கும் முன்னால் மாடிக்கு நான் சொன்ன 'சரி' இருக்கிறது. இந்தத் தெருவில் ஒவ்வொரு ஜன்னலாக அவள் திறந்து திறந்து வாடகையை ஏற்றியிருக்கிறாள். கடைசியில் அது சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்து நின்றது. "என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன் சார்." அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன்.

கம்பெனிக்கு மறுபடி எழுதினாள். இடம் நிரம்பிவிட்டது, வாழ்த்துகள் என்று பதில் வந்தது. வாழ்த்து எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேறு வீடு தேடினாள். நாள் முழுக்க வீடு காட்டுகிறவளுக்கு ஊரில் எந்த வீடு காலி என்று தெரியாதா? தெரியும். வாடகையும் தெரியும், அவளே ஏற்றியதுதானே. "பதினாறு வீட்டுச் சாவி இருக்குது. குடியிருக்க ஒண்ணு இல்ல" என்று பையைக் குலுக்கிக் காட்டினாள். நான் மாடியைக் காலி செய்கிறேன், நீங்கள் வாருங்கள் என்றேன். "நீங்க போனா இன்னொரு சார் வருவாரு. எங்களுக்கா குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டில், மல்லாட்டை மூட்டை அடுக்கும் அறையை ஒதுக்கித் தருகிறார்களாம். அங்கிருந்து ஐந்து மணிக்கு வந்து அடுப்பு பற்றவைக்க கஸ்தூரிக்கு பஸ் கிடையாது. ஆக, அந்த வேலையும் போயிற்று. சென்னைக்கும் போகவில்லை, இங்கேயும் இருக்க முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு பெண்ணை நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வீட்டைக் காட்டும் வேலையை அன்பரசன் அவளிடமே கொடுத்தார். கமிஷன் உண்டு. வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்தேன். "வேற ஆளு காட்டுனா அவனுக்குப் போவும். எனக்கே வரட்டும்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கீழே கூப்பிட்டாள். மூவருமாகப் பீரோவை நகர்த்தினோம். பின்னால் பத்து வருட ஒட்டடை, முருகையனின் பழைய ஆட்டோ பேட்ஜ் ஒன்று, ஒரு சீப்பு. கஸ்தூரி பேட்ஜை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு சமையலறைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. ஜன்னல் கொக்கி துருப்பிடித்து அசைய மறுத்தது. மதி சுத்தியால் நாலு தட்டு தட்டி இளக்கினாள். கதவைத் திறப்பாள், ஒரு தடவை பார்ப்பாள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. "அவங்க வந்ததும் தொறந்துக்கலாம் சார்" என்று கையைத் தட்டிக்கொண்டாள்.

பத்து மணிக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து இளம் தம்பதி, இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சோழிங்கநல்லூர் என்றான் பையன். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். மதி அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, தன் வீட்டுக்குள் தான் மட்டும் போனாள். விளக்கைப் போடவில்லை. கதவுகள் கிறீச்சிட்டுத் திறந்தன. கூடம் முழுக்க வெளிச்சம் விழுந்தது. சுவரில் பீரோ நின்ற இடம் மட்டும் நீளமாக வேறு நிறத்தில் தெரிந்தது.

"வாங்க சார், வாங்க மேடம். மலை தெரியுது பாருங்க."

வந்த பெண் மலையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் மதி பக்கம் திரும்பிச் சிரித்தாள். "நீங்க எந்த வீடா இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லிடுவீங்கன்னு எங்க ஃப்ரெண்ட் சொன்னாங்க. இந்த வீட்ல என்ன குறை?"

மதி சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மேலே ஒழுகல் கறை படிந்த மூலையைப் பார்த்தாள்.

"கொறைனு ஒண்ணும் இல்ல மேடம். நல்ல வீடு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, துப்பட்டா நுனியால் தூசி படிந்த கம்பிகளை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழ்வரை துடைக்க ஆரம்பித்தாள்.