கரிசலில் மாட்டிய சமையல் லாரி

திருமங்கலத்துக்குத் தெற்கே மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்த ஆட்களுக்கு நான்தான் சமையல்காரி. லாரியின் முதுகில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் அடுப்பு. வேலை நகர நகர என் சமையலறையும் நகரும்.

ஒருநாள் மதியம், அண்டா நிறையச் சோறும் சாம்பாருமாகப் போனபோது, முந்தைய நாள் மழையில் ஊறியிருந்த கரிசலில் பின்சக்கரங்கள் புதைந்துவிட்டன. மேஸ்திரி ஆட்களைக் கூட்டி வந்தார்.

"மொதல்ல வண்டியத் தள்ளுங்கப்பா. அப்புறந்தான் சோறு."

விடிந்ததிலிருந்து குழி தோண்டியவர்கள் அவர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கரண்டியோடு குறுக்கே நின்றேன்.

"வெறும் வயித்தோட எப்படிண்ணே தள்ளுவாக? சாப்புடாம ஒருத்தரும் வண்டியத் தொடக்கூடாது!"

"ஏம்மா, இருட்டிப்போச்சுன்னா நீயா தள்ளுவ?"

"தள்ளுறேன். இப்ப இலையப் போடுங்க."

வரப்போரம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அண்டாக்கள் காலியாயின. லாரியிலிருந்த தண்ணீர் டிரம்மும் காலி. பிறகு எல்லோரும் எழுந்து தோள் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். ஒரே தள்ளுதான், லாரி மேட்டில் ஏறி நின்றது. ஆட்கள் போட்ட விசிலில் கரிசல்காடே அதிர்ந்தது.

மேஸ்திரிக்கு நம்ப முடியவில்லை. "இம்புட்டு லேசா வந்திருச்சே!"

"வராம என்ன? வண்டிக்குள்ள இருந்த பாரந்தாண்ணே இப்ப வெளிய நின்னு தள்ளுச்சு."