நேரலையில் நான் கேட்ட குடி

மூன்று வருடங்களுக்கு முன், நாவற்குடாவில் ஒரு வீட்டு மேல்மாடியில் இயங்கிய யூடியூப் சேனலில் நேர்காணல் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வேலை கிடைத்ததும் அதனால்தான்.

அன்றைய விருந்தினர், ஆணை ஆண் விரும்புவதும் பெண்ணைப் பெண் விரும்புவதும் குற்றமில்லை என்று பத்து வருடமாகப் பேசியும் எழுதியும் வருபவர். தானும் அப்படித்தான் என்பதை மறைக்காதவர். கொழும்புத் தொலைக்காட்சிகளில் அரசியல்வாதிகளோடு மல்லுக்கு நின்றாலும் குரல் உயராது. வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டத்தை நாம் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று அவர் கேட்டபோது, வீட்டில் தனியாக இருந்து கை தட்டியிருக்கிறேன். சிறுவயதிலேயே ஊரை விட்டுப் படிக்கப் போனவர் என்பதால், அவர் யாருடைய மகன் என்று ஊரில் பலருக்குத் தெரியாது. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்னப் பத்தி என்னவும் கேளுங்க. அம்மாவ மட்டும் இழுக்காதீங்க."

ஓம் என்று தலையாட்டினேன். நேரலையும் நன்றாகத்தான் போனது. பிறந்த இடம் பழுகாமம் என்று அவர் சொன்னதும், "என்ன குடி நீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். எங்கள் பகுதியில் யாரைக் கண்டாலும் ஊருக்கு அடுத்து வருகிற கேள்வி அது. அவரும் அதே பழக்கத்தில் சொல்லிவிட்டார். குடி என்பது எங்கள் பக்கத்துக் குலப் பிரிவு; தாய்வழியாக வருவது. அதைக் கேட்டால் தாயைக் கேட்ட மாதிரி. ஐந்து நிமிடத்தில் கமெண்டுகளில் அம்மாவின் பெயரும் வீடு இருக்கும் ஒழுங்கையின் பெயரும் வந்துவிட்டன. கூடவே, எழுதக் கூசும் வார்த்தைகள்.

அவர் வாசித்தார். முகம் இருண்டுவிட்டது. கமராவைப் பார்த்து, "அம்மா, கதவச் சாத்திக்கிட்டு இருங்க, நான் வாறன்" என்றார். பிறகு, விட்ட இடத்திலிருந்து பதிலைச் சொல்லி முடித்தார். ஒரு வசவுக்கும் வசவு திருப்பவில்லை. அப்படியொரு நிதானத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

முடிந்ததும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடம் கேளுங்கள் என்றார். அவரோடு கிளம்பினேன்.

நாங்கள் போனபோது குடியில் மூத்த பெண்கள் இருவர் முற்றத்தில் நின்றார்கள். இனிக் கோயில் சடங்கில் இந்த வீட்டுக்குப் பங்கு இல்லையாம். மகனைக் குடியில் சேர்க்க மாட்டார்களாம். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. கதவு திறந்தேதான் இருந்தது.

"என்ட வயித்தில பிறந்ததாலதான் அவன் இந்தக் குடி. அத ஆராலயும் பறிக்க ஏலா. நீங்க போயிட்டு வாங்க" என்று அவர்களை அனுப்பிவைத்தார்.

காலில் விழாத குறையாக நான் மன்னிப்புக் கேட்டேன். வாய்க்குப் பூட்டுப் போடு புள்ள என்று ஏசிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

அந்த வருடச் சடங்குக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. மகனோ அடுத்த வாரமே எங்கள் நிகழ்ச்சிக்கு மறுபடி வந்தார். நானே பேட்டி எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். இன்றைக்கும் மைக்குக்கு முன் யாராவது வந்து உட்கார்ந்தால், என் கேள்வி யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று யோசிக்காமல் நான் வாயைத் திறப்பதில்லை.