சூளைக்குப் போகாத கலர்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மைக்கும் ஜாடிக்கும் கலர் பூசியே என் வயசு போனது. இன்றைக்கும் என் கை நடுங்காது. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் மருமகள் வீட்டில் இருந்தபடியே டேப்லெட்டில் படம் போடுகிறவள். போன மழைக்காலத்தில் அவளுக்கு முதல்முதலாகப் பிள்ளைகள் புத்தகம் ஒன்றுக்குப் படம் போடும் வேலை வந்தது. ஏரிமேல் மழை இறங்குகிற மாதிரி வரைந்து அனுப்பினாள். வானம் தார்ப்பாய் போல இருக்கிறது, நாளைக்குள் மாற்றாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று புத்தகம் போடுகிறவர்களிடமிருந்து பதில் வந்தது. மத்தியானம் அவள் சோற்றைத் தொடவில்லை.

"மேகத்த நான் தண்ணிக்கலர்ல பூசித் தரேன். நீ போட்டோ புடிச்சி உள்ள ஏத்திக்க," என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்கு அத்த செரமம்?"

"கலர் பூசறது எனக்குச் செரமமா? போயி பேப்பர எடுத்தா."

பூசிக் காயவைத்தேன். அவள் வந்து பார்த்தாள்.

"என்னாங்கத்த, எல்லாம் வெளுத்துக் கெடக்குது? அடியில வேற தொடச்சி வச்சிருக்கீங்க?"

"சூட்டுல கலர் ஏறும்டி. அடியில கலர் இருந்தா சூளைப் பலகையில ஒட்டிக்கும்..." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"பேப்பர எந்தச் சூளையில வைக்கப் போறீங்க? அடுப்புல வச்சா டீயாச்சும் போடலாம்!" காலையிலிருந்து உம்மென்று இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"சிரிச்சது போதும். வேற தாளக் குடு."

இந்தத் தடவை கண்ணுக்குத் தெரிய வேண்டிய கருப்பையே பூசினேன். பிரஷ் தடம் கோடு கோடாக நின்றது. பெருக்கிய வாசல் மாதிரி இருந்ததே தவிர, மேகமாக இல்லை. விடுவேனா? இன்னொரு தாளை நன்றாக நனைத்தேன். நீலத்தையும் கருப்பையும் அதில் ஊற்றினேன். பேட்டையில் கிண்ணத்துக்குள் கிளேஸை, அந்தப் பளபளப்புப் பூச்சை, ஊற்றிச் சுழற்றுவோமே, அதுபோல இரண்டு கையாலும் தாளைப் பிடித்து மெல்லச் சாய்த்தேன். கலர் தானாக ஓடி, ஓரத்தில் திட்டாகத் தேங்கியது. காயும்வரை ஃபேனைப் போட விடவில்லை.

அவள் அதைப் போட்டோ பிடித்து டேப்லெட்டில் ஏற்றினாள். மேகம் அளவுக்கு வெட்டி ஏரிமேல் வைத்தாள். பிறகு ஓரத்துத் திட்டின் பக்கம் பேனாவைக் கொண்டுபோனாள்.

"இந்தக் கறைய அழிச்சிடவாங்கத்த?"

"அத அழிச்சேன்னா வேற மேகம் பாத்துக்க. மழை அங்கருந்துதான் எறங்குது."

பேனா நின்றது. அப்புறம் அந்தத் திட்டுக்குக் கீழேயிருந்து மழைக்கோடுகளை இழுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் பதில் வந்தது. வானம் பிடித்திருக்கிறது, கருப்பை மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டும். அவள் விரலை லேசாக நகர்த்தினாள். நான் ஏற்றிய கருப்பு இறங்கியது. எனக்குச் சுருக்கென்றது. குனிந்து உற்றுப் பார்த்தேன். கலர் ஓடிய ஓட்டம் அப்படியே இருந்தது.

"சரி, அனுப்பு," என்றேன்.

மற்றப் பக்கங்களுக்கும் இதே மாதிரி வானம் வேண்டுமாம்.

"நனைச்சா சுருளாத கெட்டிப் பேப்பரா பாத்து வாங்கியா," என்றேன். "வெயில் அடிக்கிற பக்கம் இருக்குதா சொல்லு, மஞ்சளக் கரைச்சி வைக்கறேன்."