தன் இரங்கல் படத்துக்குத் திருத்தம்

"இந்தப் படத்துல எனக்கு ரொம்ப வயசான மாதிரி தெரியுது. வேற போடு" என்கிறார் அவர், தன் மரணச் செய்தியைப் பார்த்துக்கொண்டே.

செய்திச் சேனல்களில் பெரிய மனிதர்களுக்கு, அவர்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே இரங்கல் படம் தயாரித்து வைத்துவிடுவார்கள். இந்தச் சேனலின் முதலாளியம்மா தனக்கும் ஒன்று தயாரித்து, வருடா வருடம் திருத்தி வருகிறார். "நான் போன சேதிய அடுத்த சேனல்காரன் முதல்ல போட்டுட்டா நமக்குத்தானே அசிங்கம்?" திங்கட்கிழமை அவருக்கு இருதய ஆபரேஷன். அதனால் இந்த வருடத் திருத்தம் கொஞ்சம் முன்கூட்டியே நடக்கிறது. நலம் விசாரிக்கப் போன என்னையும் எடிட்டிங் அறையில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் 'கத்திரி' என்பார்கள். அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். அமைச்சர் பேச்சானாலும் வெட்டுவார், வீட்டுக்காரர் பேச்சானாலும் வெட்டுவார். லிப்டில் அவரோடு மாட்டிக்கொண்டால், சொல்ல வந்ததை அடுத்த மாடிக்குள் சொல்லி முடித்தாக வேண்டும். "சுத்தி வளைக்காத. விஷயத்துக்கு வா." கல்யாண வீடியோ எடுக்கும் ஒற்றை அறைக் கடையில் தொடங்கி, கேபிளில் உள்ளூர்ச் செய்தி வாசித்து, இன்று சொந்தக் கட்டடத்தில் சேனல் நடத்துகிறவர். வெட்டி வெட்டித்தான் வளர்ந்தார்.

இரங்கல் படத்திலும் தயவு தாட்சண்யம் கிடையாது. கணவர் கண் கலங்கப் பேசுவதைப் பாதியில் நிறுத்தினார். "எங்கிட்ட ஒரு நாளும் சொல்லாததெல்லாம் டிவில சொல்றாரு பாருங்க. இதுல பாதி போதும்." 'தன்னந்தனியாகப் போராடி' என்ற வரி மட்டும் அங்கங்கே வந்துகொண்டே இருந்தது. அதில் அவர் கை வைக்கவில்லை.

அது பச்சைப் பொய். கடை திறந்தது அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்து; கேமரா முழுக்க அக்காவின் பொறுப்பு. சேனலைப் பதிவு செய்தபோது அக்கா பெயரைச் சேர்க்கவில்லை. "கேமரா தூக்குறவளப் பங்குதாரராப் போட்டா பேங்க்காரன் சிரிப்பான்" என்றாராம் தங்கை. அக்கா கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

"ஆபரேஷன் விஷயத்த அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று வாயைக் கொடுத்தேன்.

"அவளுக்கு எதுக்கு? ஏதாச்சும் ஆச்சுன்னா டிவில பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

பழைய டேப்பிலிருந்து அவருடைய முதல் செய்தி வாசிப்பைத் தேடி எடுத்து வைத்திருந்தார் எடிட்டர். "அக்கா முகம் ஒரு இடத்துலயாவது இருக்குமான்னு பாத்தேன் மேடம். எங்கயும் இல்ல."

"எப்படி இருக்கும்? எடுத்ததே அவதானே."

"குரல் மட்டும் இருந்துச்சு, ஆரம்பத்துல. தேவையில்லன்னு வெட்டிட்டேன்."

"யாரக் கேட்டு வெட்டுன?"

எடிட்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில், வெட்டியதற்காக ஒருவர் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். வெட்டியதைத் தேடிப்பிடித்து ஓடவிட்டார்.

திரையில் ஒல்லியாக ஒரு பெண். கையில் ஒரு காகிதம். வாசிக்க வாய் வராமல் குனிந்து நிற்கிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது: "பயப்படாதடி. நான் இங்கதானே இருக்கேன். என்னப் பாத்துப் பேசு. தலையக் கொஞ்சம் தூக்கு."

பக்கத்து நாற்காலியில் முதலாளியம்மா தலையைத் தூக்கினார்.