சரி மாஸ்டரின் சம்மதம்

எங்கள் தெருத் தையல்காரர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை ‘சரி’ வரும் என்று எண்ணப் போனால் நமக்குத் தலை சுற்றிவிடும். ‘இடுப்புல கொஞ்சம் பிடிச்சுத் தைங்க’ என்றால் சரி. ‘மழை வரும்போல’ என்றாலும் சரி. ‘போன தடவை துணியைக் கெடுத்துட்டீங்க’ என்று வள்ளென்று விழுந்தாலும் அதே சரிதான். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்கிற மனுஷன் வேறென்ன நீளமாகப் பேச முடியும்? தெருவில் அவருக்குப் பெயரே ‘சரி மாஸ்டர்’.

அந்தச் சரிதான் அவருடைய சிங்கப்பல்லுக்கு உலை வைத்தது.

வலிக்கிற பல்லைப் பிடுங்கத்தான் மருத்துவமனைக்குப் போனார். ஊசி போட்டு வாய் மரத்த பிறகு டாக்டர் புரியாத வார்த்தைகளில் கடகடவென்று ஏதோ சொன்னார். பழக்க தோஷம், மாஸ்டர் ‘சரி’ என்றார். வெளியே வந்து கண்ணாடியில் பார்த்தால் வலித்த பல்லோடு பக்கத்திலிருந்த நல்ல பல்லும் காணோம். நூலைக் கடித்து அறுக்கிற பல்! கல்லு மாதிரி இருந்ததையா பிடுங்குவது?

“சொல்லித்தானே எடுத்தேன்? நீங்கதான் சரின்னீங்க,” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மாஸ்டர் அதை நம்பியும்விட்டார். அதுதான் கொடுமை. கடையில் கத்தரியைத் தேடும்போதெல்லாம், “என் வாய்தான் எனக்கு எமன்,” என்று தன்னையே நொந்துகொண்டார். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. கடைக்கு மேல்மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

“சும்மா தலையாட்டினா அது சம்மதம் ஆயிடாதுங்க,” என்றார் வக்கீலம்மா. “என்ன பண்ணப் போறாங்க, அதுல என்ன கெடுதல், வேற வழி இருக்கான்னு உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். அது உங்க உரிமை.”

“சரி,” என்றார் மாஸ்டர்.

“புரிஞ்சுதா?”

“இல்லீங்க.”

வக்கீலம்மா சலித்துக்கொள்ளாமல் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மருத்துவமனை மேல் புகாரும் கொடுத்தார்கள்.

விசாரணைக் குழுவின் முன்னாலும் டாக்டர் அந்தச் ‘சரி’யையே பிடித்துக்கொண்டு தொங்கினார். மனைவி எழுந்தாள். குழுத் தலைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். மாஸ்டரோ டாக்டர் சட்டையின் தோள்பட்டைத் தையல் கோணியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, நாளைக்கு உங்க தையல் மெஷினை வித்துடப் போறேன்.”

“சரி.”

அறையே கொல்லென்று சிரித்தது. டாக்டர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

“நல்ல பல்லுன்னு நான் அவர்கிட்ட சொல்லலை,” என்றார் மெதுவாக. “தப்புதான்.”

புதுப் பல் கட்டுவது மருத்துவமனையின் பொறுப்பு என்று முடிவானது. “உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க,” என்று தலைவி சொன்னபோது மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. பல்லைவிட அதுதான் அவருக்குப் பெரிய நிம்மதி.

பல் கட்ட வேறொரு டாக்டரிடம் போனார்கள். அவர் சொன்னதையெல்லாம் மாஸ்டர் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார், சந்தேகம் கேட்டார், கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “எனக்குச் சம்மதம்,” என்றார். டாக்டர் அளவெடுத்துக்கொண்டு, பல் கட்ட அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில், தெருமுனையில் மனைவி சட்டென்று நின்றாள்.

“எங்கப்பா உங்க கடைக்கு வந்து, ‘என் பொண்ணைக் கட்டிக்கிறியா’ன்னு கேட்டப்ப நீங்க ‘சரி’ன்னுதானே சொன்னீங்க? அது எந்தச் சரி?”

மாஸ்டர் ஓட்டை தெரியச் சிரித்தார்.

“வாயில இருந்த குண்டூசியை எல்லாம் எடுத்து வச்சுட்டுத்தானே சொன்னேன்!”