பூட்டிய வீட்டு அஞ்சலை

அஞ்சலை போய்விட்டார் என்று அவர் மருமகள் போனில் சொன்னபோது நான் மயூர் விஹார் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அத்தை காலையில வேலைக்குக் கிளம்புச்சு சார். பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துடுச்சு. யாரோ இந்திக்கார பையா ஒருத்தர் ஆட்டோ புடிச்சுக் குடுத்தாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." அவ்வளவுதான் சொன்னாள். கடைக்காரர் என் கையிலிருந்ததை வாங்கி எடை போட்டார். நானும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாலா என்று நாம் சொல்லும் அந்தச் சாக்கடைக் கால்வாயின் கரையில், பஸ்தி என்ற குடிசைப் பகுதியில், அவரோடு குடியிருந்தவர்களுக்கும், எங்கள் அடுக்ககத்தில் அவர் பெருக்கிய படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கும். பஸ்திப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. யாராவது படித்துக் காட்டுங்கள். இதில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கப்போவதில்லை. அதற்காக எதையும் விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம்.

பன்னிரண்டு வருடம் எங்கள் படிக்கட்டைப் பெருக்கியவரின் பெயர் எனக்குக் கட்சியின் வார்டு கூட்டத்தில்தான் தெரிந்தது. மத்திய அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு நகர்த்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் பொழுது போகாமல் கட்சியில் சேர்ந்தேன். தொகுதி மாநாட்டுக்கு எங்கள் வார்டிலிருந்து இரண்டு பிரதிநிதிகள் வேண்டும் என்றார்கள். எழுதத் தெரிந்தவன் என்று என்னையும், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று அஞ்சலையையும் போட்டார்கள். இருவருக்கும் அதுதான் முதல் மாநாடு. நான் கௌரவத்துக்குப் போனேன், அவர் வீட்டுக்காகப் போனார்.

பஸ்தியை இடிக்க நாள் குறித்திருந்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் மாற்று வீடு. கணக்கெடுக்க வந்தவர்கள் வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் அஞ்சலையும் அவர் வரிசைப் பெண்களும் நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கெடுத்தவர்கள் அந்த வீட்டு எண்களுக்கு எதிரே 'பூட்டியிருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். "பூட்டு தொங்குனா ஆளு இல்லன்னா சார் அர்த்தம்? ஆளு வேலைக்குப் போயிருக்குன்னு அர்த்தம்," என்பார் அஞ்சலை. அவர் கேட்டது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பூட்டிய வீடுகளை மறுபடி பார்க்க வேண்டும். கவுன்சிலர் எங்கள் கட்சிக்காரர். மாநாடு தீர்மானம் போட்டால் அவர் அதிகாரிகளுக்குக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். மாநாட்டு நாளிலிருந்து இடிக்க ஒன்பது நாள் இருந்தது.

தீர்மானத்தை நான் இந்தியில் எழுதினேன். முன்னுரை, பணிவான வேண்டுகோள், மேற்கண்ட சூழ்நிலையில் என்று இரண்டு பக்கம் வந்தது. படித்துச் சொன்னேன். "அச்சா இருக்கு சார். ஆனா நான் சொன்னது எங்க இருக்கு?" என்று கேட்டார். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது. "ஒரு வரி போதுமே சார், படிக்கிறவங்களுக்கும் ஜல்தியா முடியும்," என்றார். மேலிடத்துக்கு அப்படி எழுதக் கூடாது என்று விளக்கினேன்.

மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அஞ்சலை அரக்குப் பட்டுப் புடவை கட்டி, பிரதிநிதி பேட்ஜை அதில் குத்த மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். காலை முழுக்க மாலை போட்டார்கள், மாலை போட்டவர்களுக்கு நன்றி சொன்னார்கள். பூரி பொரியும் வாசனை வந்தபோது தலைவர் மைக்கைப் பிடித்தார். நேரம் இல்லை, வந்திருக்கும் தீர்மானங்கள் எல்லாம் புதிய கமிட்டியின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகின்றன, ஒப்புக்கொள்கிறவர்கள் ஓட்டு அட்டையைத் தூக்குங்கள் என்றார். சுற்றிலும் மஞ்சள் அட்டைகள் எழுந்தன. நானும் தூக்கினேன். அஞ்சலை தூக்கவில்லை.

"அனுப்பிட்டா எப்ப சார் திரும்பி வரும்?"

"மேல போகுது அஞ்சலைம்மா. நல்லதுதான். தூக்குங்க, எல்லாரும் பாக்கறாங்க."

அட்டையோடு அவர் மடியிலிருந்த கையை மணிக்கட்டில் பிடித்து நானே தூக்கினேன். ஒருமனதாக நிறைவேறியது என்று மைக்கில் சொன்னார்கள்.

பரிசீலனைக்கு அனுப்புதல் என்றால் என்னவென்று அந்த மண்டபத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. எத்தனை மனுக்களின் ஓரத்தில் அதை எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளியிருக்கிறேன். தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரே ஒரு பிரதிநிதி எழுந்து ஆட்சேபம் சொன்னாலும் தீர்மானத்தை வாசித்து ஓட்டுக்கு விட வேண்டும் என்று கட்சி விதி இருக்கிறது. விதிப் புத்தகம் என் பையில்தான் இருந்தது. முந்தின நாள் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் இடித்தார்கள். விஷயம் கேட்டு அஞ்சலை எங்கள் படிக்கட்டில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். நாங்கள் போனபோது அவர் வீடு இல்லை. வாசல் இருந்த இடத்தில் நின்று வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இப்பத்தான் பூட்டு இல்லையே சார், இப்பவாச்சும் எழுதிக்குவாங்களா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். கமிட்டி அடுத்த மாதம் கூடி, தீர்மானம் இனித் தேவையில்லை என்று முடித்து வைத்தது.

அதன்பிறகு ஊர்க்கோடியில் வாடகைக்கு அறை எடுத்து, இரண்டு பஸ் மாறி எங்கள் படிக்கட்டைப் பெருக்க வந்தார். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். வேறு இடம் பாருங்கள் என்றால், "தெரிஞ்ச வூடுங்களை விட்டுட்டு எங்க சார் போறது?" என்பார். கால் வீங்கியிருக்கும். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்திருப்பார். கதவைத் திறந்து அவருக்கு டீ கொடுப்பதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு நாள் அந்த டீயோடு மன்னிப்பும் கேட்டேன். அன்றைக்கு உங்கள் கையைத் தூக்கியது நான்தான் என்றேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க மட்டுமா சார் தூக்குனீங்க? நானுந்தான் கையை இறக்கலியே."

எனக்காகச் சொன்ன பொய் அது. அவர் இறக்கப் பார்த்தார். என் பிடிக்குள் அந்த மணிக்கட்டு கீழே இழுத்தது, நான் விடவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த இழுப்பு ஒன்றுதான்.