அண்டாவைக் கட்டிக்கொண்டு ஒரு பரீட்சை

பிள்ளைகளே, ஆடாமல், அசையாமல், இருமக்கூட முடியாமல் ஓர் அறைக்குள் நீங்கள் எப்போதாவது மாட்டிக்கொண்டது உண்டா? கண்ணாமூச்சி ஆட்டத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வதை நான் சொல்லவில்லை. அதில் பிடிபட்டால் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டம் ஆடலாம். நான் மாட்டிக்கொண்ட அன்று பிடிபட்டிருந்தால் என் மகளின் படிப்பு போயிருக்கும்.

எங்கள் வீடு சித்தூரில், பழைய மிஷன் வளாகத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவன். ஒரு பேக்கரியின் வேனை ஓட்டுகிறேன். தினமும் பன்னும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போய், கடை கடையாக இறக்கிவிட்டுத் திரும்புவேன். மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் பயிற்சி கொடுத்து, முடித்ததும் அங்கேயே வேலையும் கொடுப்பதாகச் சொன்னார்கள். சேர வேண்டுமானால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். பரீட்சை வீட்டிலிருந்தே, லேப்டாப்பில்.

அதற்கு அவர்கள் போட்டிருந்த விதிகளை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். கதவு சாத்திய அறையாக இருக்க வேண்டும். வேறு ஆள் இருக்கக் கூடாது. கேமராவும் மைக்கும் கடைசிவரை ஓடவேண்டும். நெட் விட்டுப் போனால் வந்ததும் தொடரலாம், ஆனால் மூன்றாவது தடவை போனால் பரீட்சை தானாக மூடிவிடும். மறுபடி எழுத அந்த வருடம் வாய்ப்பில்லை.

எங்கள் வீட்டில் அப்போது நெட் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு தடவை போய்க்கொண்டிருந்தது.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்அறை, பின்அறை, பக்கத்தில் சமையலறை, அவ்வளவுதான். தெருவைப் பார்த்த முன்அறைச் சுவரில் வைஃபை பெட்டி. முன்அறைக்கும் பின்அறைக்கும் நடுவில் இருப்பது பழைய காலத்துக் கருங்கல் சுவர், கையை நீட்டிப் படுக்க வைக்கலாம், அத்தனை அகலம். அதில் ஓர் உள்ஜன்னல் உண்டு. பின்அறைக்குப் போக வேண்டுமானால் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். கதவு என்று ஒன்று இருப்பது அந்தப் பின்அறைக்கு மட்டும்தான். அதனால் பரீட்சைக்கு அதை விட்டால் வேறு இடமில்லை.

மாதிரிப் பரீட்சை எழுதிப் பார்த்தபோதெல்லாம் நெட் விழுந்தது. எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தோம். வைஃபை பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டோம். லேப்டாப்பில் பழைய இணைப்பை அழித்துவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாகப் போட்டோம். பெட்டிக்கு என் மனைவி தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட உறையைக் கழற்றினோம். கேபிள்காரர் வந்து வெளியே ஒயரை மாற்றினார். பெட்டியையே பின்அறைக்கு மாற்றித் தரச் சொன்னதற்கு, நீளமான ஒயர் நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை. போனிலிருந்து நெட் எடுக்கலாம் என்றால், எங்கள் வீட்டில் போன் சிக்னல் கேட்டுக்கு வெளியே போனால்தான் உண்டு.

கடைசியில் லேப்டாப்பை வேனில் வைத்துத் திருப்பதிக்கே கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே அது சொன்ன பேச்சைக் கேட்டது. கடைக்காரர் தன் வைஃபையில் ஒரு படத்தை ஓடவிட்டு, நான் பக்கத்துத் தெருக்களில் பன் இறக்கிவிட்டு வரும்வரை பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். "பாகுந்தி அண்ணா. நல்லாத்தான் இருக்கு," என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிடுமே, அந்த மாதிரி. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழையபடி படுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் எங்கள் சர்ச் சபையின் அண்டாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. அதற்கான அலுமினிய அண்டாக்கள், தட்டுமூடிகள், ஆள் உயரக் கரண்டிகள் எல்லாம் சபைக்குச் சொந்தம். அவற்றை வைக்கக் கோயிலில் அறை இல்லை. அதனால் பண்டிகை முடிந்ததும் ஒரு குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். அடுத்த பண்டிகைவரை அவை அந்த வீட்டில் இருக்கும். கல்யாணம், ஞானஸ்நானம் என்று யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அண்டா வந்த வீடு என்றால் ஒரு மரியாதை. அந்த வருடம் எங்கள் முறை. என் மனைவி அவற்றை வெளியே போட மனம் வராமல், பின்அறையில், கீழே கோணிப்பை விரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே மூடிகளையும் வைத்தாள். தினமும் துடைத்தாள். அவை உள்ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றதை நாங்கள் எல்லோருமே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் லேப்டாப், கேபிள்காரர், மழை, பக்கத்து வீட்டு மாமரம் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நாங்கள், சபை அண்டாவைச் சந்தேகப்படவில்லை.

பரீட்சை அன்று நான் லீவு போட்டேன். காலையில் ஜெபம் பண்ணி மகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினோம். ஜன்னல் சுவரைப் பார்த்து மேஜை. அண்டாக்களுக்கும் மேஜைக்கும் நடுவில் ஓர் ஆள் குந்தும் அளவுக்குத்தான் இடம். கதவு அவள் முதுகுக்குப் பின்னால். அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நைனா, போச்சு."

நான் ஓடினேன். மனைவி முன்அறையில் பெட்டியை அணைத்துப் போட்டாள். சார்ஜர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பார்க்க நான் மேஜைக்கு அந்தப்பக்கம், அண்டாக்களின் ஓரமாகக் குனிந்தேன். அப்போது மகள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினாள். நெட் வந்துவிட்டது. கேமரா ஓடுகிறது.

அப்படியே உட்கார்ந்தேன். எழுந்தால் என் தலை கேமராவில் தெரியும். கதவுக்குப் போனால் முழு ஆளும் தெரியும். லேப்டாப்பின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது, திரை தெரியவில்லை. மேஜை விளிம்புக்கு மேலே மகளின் முகம் மட்டும். அந்த முகம்தான் எனக்குத் திரை. அவள் எதையோ வேகமாகத் தட்டிவிட்டு, காத்திருந்துவிட்டு, பிறகு முகம் அமைதியாகிப் படிக்க ஆரம்பித்தாள். நான் உள்ளே இருப்பது தெரிந்தால் அப்பா விடை சொல்லிக் கொடுக்கிறார் என்றுதானே நினைப்பார்கள்? கேள்விகள் இங்கிலீஷில், அதுவும் ரத்தத்தைப் பற்றி. கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாலும் எனக்கு ஒரு விடை தெரியாது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கால் மரத்துப்போனது. முழங்காலில் ஒரு கொசு உட்கார்ந்து வயிறு நிறையக் குடித்தது. அடிக்க முடியவில்லை. என் மூச்சு எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. சட்டைப்பையில் போன் இருந்தது ஞாபகம் வந்தது. யாராவது வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் என்ன ஆவது? மெதுவாக எடுத்து சத்தத்தை அணைத்தேன். அப்போதுதான் போன் திரையின் மேல் மூலையில் வைஃபை குறியைப் பார்த்தேன். ஒரே ஒரு கோடு. கையை எதேச்சையாக நீட்டினேன். அண்டா அடுக்கு முடிந்து ஜன்னலின் ஓரம் தெரிகிற இடத்தில் கோடுகள் முழுதாக நிறைந்தன. கையை மடக்கினேன், ஒரு கோடு. நீட்டினேன், முழுசு.

அந்தச் சமயத்தில் மகளின் முகம் மாறியது. மறுபடி போய்விட்டது. நான் எழுந்துவிடலாம் என்று மேஜைக்காலைப் பிடிப்பதற்குள் அவள் கை மீண்டும் கீழே அமுக்கியது. வந்துவிட்டது. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். இன்னும் ஒரு தடவைதான் என்று அந்தப் பார்வை சொன்னது.

அண்டாக்களை நகர்த்த வேண்டும். நீங்கள் சபைச் சமையலைப் பார்த்திருந்தால் தெரியும், அந்த மூடி ஒன்று லேசாக இடித்தாலும் தெருக்கோடிவரை கேட்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூடிகளுக்கு நடுவில் செருகினேன். கொடியில் கிடந்த போர்வை கைக்கு எட்டியது. அதையும் இழுத்துச் சுற்றினேன். கீழே விரித்திருந்த கோணிப்பையின் முனையைப் பிடித்து, உட்கார்ந்தபடியே, சுவரோடு சுவராக இழுத்தேன். அடுக்கு வந்தது, எறும்பு ஊர்கிற வேகத்தில். ஜன்னலில் ஒரு கம்பி தெரிந்தது. பிறகு இரண்டு. மேல் மூடி சரியத் தொடங்கியது. பாய்ந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். கன்னம் அண்டாவில் ஒட்டியது. பழைய எண்ணெய் வாசனையும் ஏலக்காய் வாசனையும் அடித்தன. விட்டால் விழும். விடவில்லை.

ஜன்னல் திறந்தது நல்லதுதான். ஆனால் இப்போது முன்அறைப் பேச்சு நேராக உள்ளே வந்தது. சபைப் பொருளாளர் அக்கா வந்திருந்தார். அவர் தம்பி மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம், பெரிய அண்டா வேண்டும்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. உள்ள பரீட்சை நடந்துகினு கீது," என்றாள் என் மனைவி.

"பரீட்சை பாப்பாவுக்குத்தானே? அண்டாவுக்கா? ஓரமா எடுத்துக் குடுத்துட்டுப் போறேன்."

"யாரும் உள்ள போவக் கூடாது அக்கா."

"உம் வீட்டுக்காரர் எங்க? அவரு எடுத்தாந்து குடுக்கட்டும்."

மனைவி குரலைத் தாழ்த்தி, "அவரு உள்ளதான் மாட்டிக்கினு கீறாரு," என்றாள்.

"அவரும் எழுதறாரா? நடக்கட்டும்."

மகளின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை, கண் திரையை விட்டு நகரவில்லை. நல்லவேளை, மனைவி அக்காவைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் மின்விசிறியின் சத்தம் மட்டும். முதுகு என்னுடையதாகவே இல்லை. எவ்வளவு நேரம் போனது என்று பார்க்கக் கை காலியாக இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு கேள்விக்குச் சுருங்கும், அடுத்ததற்கு விரியும். ஆனால் நெட் போன முகமாக அது மறுபடி மாறவே இல்லை.

கடைசியில் லேப்டாப்பை மூடினாள். "நைனா, முடிஞ்சிது. விடு."

விட முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அவள் வந்து மூடியைப் பிடித்துக்கொண்ட பிறகு அப்படியே தரையில் சாய்ந்தேன். யாராவது பார்த்திருப்பார்களா என்று கேட்டேன். அவள் என் காலைத் தேய்த்துவிட்டபடி சொன்னாள்.

"நீ உக்காந்ததுமே நான் பரீட்சை நடத்தறவங்களுக்கு டைப் பண்ணிட்டேன் நைனா. எங்க அப்பா நெட் பாக்க வந்து மாட்டிக்கினாருன்னு. பேசாம இருந்த எடத்துலயே இருக்கச் சொல்லுன்னு பதில் வந்துது. நான் எப்படி உங்கிட்ட சொல்றது? வாயத் தொறக்கக் கூடாதே."

எனக்குக் கோபம் வரவில்லை. என்னை மறைத்துவைத்து அவள் எழுதவில்லை என்பதில் மனசு லேசானது. இருந்தாலும் அந்தக் கொசுவையாவது அடித்திருக்கலாம்.

பொருளாளர் அக்கா உள்ளே வந்தபோது நான் இன்னும் எழவில்லை. போர்வை சுற்றிய அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "குளுருதுன்னு போத்தி வுட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பெரியதை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மாலை அதே அண்டாவைக் கழுவித் திருப்பித் தந்தார், கூடவே ஒரு தூக்கு நிறைய பிரியாணி. வாசலில் நின்றபடியே, "உள்ள வரலாமா, யாராவது எழுதிகினு கீறீங்களா?" என்றார். அதன்பிறகு சபையில் யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதைக் கேட்காமல் செருப்பைக் கழற்றுவதில்லை.

அண்டாக்கள் சமையலறை ஓரத்துக்குப் போயின. நெட் நிற்கவில்லை. மகளுக்கு இடம் கிடைத்தது. இப்போது திருப்பதியில் விடுதியில் இருக்கிறாள், பன் இறக்கப் போகும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். ராத்திரி சாப்பிட்டதும் வீடியோவில் கூப்பிடுவாள். சில நாள் படம் உறைந்து, பேச்சு விட்டு விட்டு வரும். அப்போதெல்லாம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"நைனா, அண்டாவ எங்க வச்சிருக்கீங்க?"